ஒரு சாண் தள்ளிய அச்சு

மாரியப்பன் டீயைக் குடித்துவிட்டு மண்குவளையைச் சுவரோரமாக வீசினான். அது உடையவில்லை.

கல்கத்தாவில் டீ குடித்த மண்குவளை உடைய வேண்டும். அதற்குத்தான் அது பிறந்திருக்கிறது. நிமாயின் டீக்கடைச் சுவரோரம் இடுப்பளவுக்கு ஓட்டாஞ்சல்லி குவிந்து கிடந்தது. மாரியப்பனின் குவளை மட்டும் அந்தக் குவியலின் உச்சியில் போய் விழுந்து, குடிகாரனைப் போல் ஒரு சுற்றுச் சுற்றி, நேராக நின்றது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலிருந்த குளத்துக்குக் குளிக்கப் போனான். எழுபத்தொன்பதாம் வருஷம், துர்கா பூஜையின் சஷ்டி நாள், காலை எட்டு மணி.

அரை மணி கழித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பினால், வண்டியைக் காணோம்.

பேனா தொலையும். குடை தொலைவதற்கென்றே வாங்கப்படுவது. முன்னால் லாரித் தலை, பின்னால் முப்பதடி டிரெய்லர், மொத்தம் பதினாலு டயர். இது தொலைந்தால் எந்தக் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடுவது? மாரியப்பன் ஈரத் துண்டோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். போலீஸ் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து வைத்துக்கொண்டது. கிடைத்தது மாரியப்பன்தான்.

இரண்டு நாள் கழித்து, அஷ்டமியன்று பிற்பகல் மூன்று மணிக்கு, அதே டீக்கடை முன்னால் சுந்தரேசன் தம்பதி வந்து இறங்கினார்கள்.

சுந்தரேசன் வேலை நாட்களில் டல்ஹௌசியில் ஒரு வங்கியின் ரிக்கார்டு அறையில் தூசி தட்டுபவர். விடுமுறை நாட்களில் துப்பறிவாளர். அவர் மனைவி காமு பாலிகஞ்ச் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள். உதவியாளர் உத்தியோகமும் அவளுக்குத்தான். சம்பளம் கிடையாது, வாய் உண்டு. அன்று தையல் மெஷினிலிருந்து அப்படியே எழுப்பிக் கூட்டி வந்திருந்தார். இஞ்ச் டேப் கழுத்தில் மாலையாகத் தொங்கியது.

"ஏன்னா, பூஜைக்குப் புதுப் புடவை வாங்கித் தரேன், கரியாஹாட்டுக்குப் போலாம்னேள். இது கரியாஹாட்டா?"

"தாராதலா. போற வழி."

"எந்த ஊருக்குப் போற வழி? மெட்ராஸுக்கா?"

அவர்களோடு வந்திருந்த மாணிக்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர். தந்தி கிடைத்ததும் சங்ககிரியிலிருந்து கிளம்பி, மெட்ராஸில் விமானம் பிடித்து வந்து, தமிழ் பேசும் துப்பறிவாளர் என்று கேள்விப்பட்டுச் சுந்தரேசன் வீட்டுக் கதவைத் தட்டியவர். அவர் கையில் ஒரு டைப் அடித்த காகிதம்.

"பாருங்க சார். ஆறு மணி வரைக்கும்தான் டயம். அதுக்குள்ள வண்டி கெடைக்கலைன்னா இதுல கையெழுத்துப் போட்டுருவனுங்க. மாரியப்பன்தான் ஆள வெச்சு வித்துட்டான்னு இன்ஸ்பெக்டர் எழுதிக் குடுத்துட்டாரு."

"நீங்க நம்பறேளா?" என்றார் சுந்தரேசன்.

"பதினோரு வருசமா என்கிட்ட ஓட்டறான். நம்பலைங்க. ஆனா வண்டியக் காணோமுங்களே!"

கையெழுத்து விழுந்தால் கேஸ். கேஸ் விழுந்தால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் மாரியப்பனுக்குத் தெரிந்த வேறு தொழில் ஒன்றுமில்லை. இன்னும் மூன்று மணி நேரம்.

நிமாய் குந்தி உட்கார்ந்து அடுப்புக்கரி உடைத்துக்கொண்டிருந்தான். டணார், டணார் என்று கனத்த இரும்புச் சத்தம். பக்கத்தில் ஒரு வெள்ளாடு, எதையோ மென்றபடி, உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்கிற முகத்தோடு நின்றது.

காமு தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். திடீரென்று குனிந்தாள்.

"இங்க பாருங்கோ. அப்பளம்."

அப்பளமில்லை. எலுமிச்சம்பழம். தார்ச்சாலையில் நசுங்கிக் காய்ந்து ஒட்டியிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. எதிர்ப்பக்கம் இரண்டு. காமு நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். இரண்டு நாளாகியும் வாசனை மூக்கைத் துளைத்தது.

"கந்தராஜ்!" என்று அலறினாள். நீளமாக, பச்சையாக, ஒரு துளி விட்டால் வீட்டுப் பருப்பு முழுக்க மணக்குமே, அந்த வங்காளத்து எலுமிச்சை.

நிமாய் நெஞ்சில் கை வைத்தான். "அதை ஏன் கேட்கிறீர்கள், பௌதி!" அண்ணி என்று கூப்பிட்டு வங்காள மொழியில் புலம்ப ஆரம்பித்தான். "என் மச்சினி கூடையிலிருந்து நாலு கந்தராஜ். ஒரு மதராஸி வந்தான், பேரம்கூடப் பேசவில்லை. வாங்கிக்கொண்டு போய்ச் சக்கரத்துக்கு அடியில் வைத்தான்! நசுக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை."

மூவரும் அவனையே பார்த்தார்கள்.

"வண்டியை எடுத்தவனைப் பார்த்தாயா?" என்றார் சுந்தரேசன்.

"பார்க்காமல் என்ன? மதராஸி வண்டியை மதராஸி எடுத்துப் போனான். இதில் என்ன அதிசயம், தாதா?" என்று அவரை அண்ணனாக்கிக்கொண்டான்.

"போலீஸிடம் சொன்னாயா?"

"வங்காளி எவனாவது எடுத்தானா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்."

காமு கழுத்து டேப்பை உருவினாள். மாணிக்கத்தை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, ஒரே பக்கத்திலிருந்த இரண்டு நசுங்கலுக்கும் நடுவே அளந்தாள். "அறுபது இஞ்ச். சரியா அஞ்சடி. என்ன வயித்தெரிச்சல், திருடன் சகுனம் பார்த்துட்டா திருடுவான்?"

"எங்கூர்த் திருடன் பார்ப்பானுங்க" என்றார் மாணிக்கம் கொஞ்சம் பெருமையாகவே.

சுந்தரேசன் அதைக் கவனிக்கவில்லை. ஓட்டுக் குவியலின் உச்சியிலிருந்த முழுக் குவளையை எடுத்து, ஊதி, ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது எதுக்கு?"

"தடயம்."

"எதுக்குத் தடயம்?"

"இன்னும் தெரியலை. ஆனா இத்தனை உடைஞ்சதுக்கு நடுவுல ஒண்ணு உடையலைன்னா, அதை விட்டுட்டுப் போக மனசு வரலை, காமு."

ஸ்டேஷனில் பூஜைக் களை. இன்ஸ்பெக்டர் கோஷ் பாபு புது வேட்டி எடுத்து வைத்துவிட்டு, அதை உடுத்த முடியாத துக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லாக்கப்பில் மாரியப்பன் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

"அஞ்சடி" என்றாள் காமு, கம்பிக்கு வெளியே நின்று.

மாரியப்பன் விருட்டென்று எழுந்தான். "எங்க டிரெய்லர் பின்னச்சு ரெண்டுக்கும் நடுவுல அஞ்சடிங்கம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எலுமிச்சம்பழம் சொல்லித்து. அது என்ன அஞ்சடிக் கணக்கு?"

"அதை ஏம்மா கேக்கறீங்க. எங்க பக்கம் அஞ்சடி இருந்தாத்தான் ஆபீசர் சரிம்பாரு. வழியில ஆந்திராவுல ஏன்னு கேக்க ஆளில்ல. இங்க வங்காளத்துக்குள்ள நொழஞ்சா நாலே காலடி. ஒரு விரக்கடை கூடியிருந்தாலும் ஓரங்கட்டிருவாங்க. ரோடு ஒண்ணு, வண்டி ஒண்ணு, டேப்பு மட்டும் ஊருக்கு ஊரு வேறங்க."

"புக்காத்துல புடவையைத் தழைச்சுக் கட்டிண்டு, பொறந்தாத்துல தூக்கிச் செருகிக்கற மாதிரி."

"அதேதானுங்க! அதுக்குன்னே எங்க வண்டிச் சட்டத்துல ரெண்டு வரிசை ஓட்டை போட்டிருப்போம். ஜாக்கி வெச்சுத் தூக்கி, போல்ட்டக் கழட்டி, கடைசி அச்சை ஒரு சாண் முன்னால தள்ளிப் பூட்டிருவோம். ஊருக்குத் திரும்பறப்ப பழையபடி பின்னால. கஸ்பாவுல நம்மூரு ஆளோட ஒர்க்‌ஷாப்பு இருக்குது. நான் அன்னிக்கிக் குளிச்சிட்டு அங்கதான் போறதா இருந்தனுங்க."

சுந்தரேசனின் மூக்குக்கண்ணாடி மேலே ஏறியது. யோசனை வந்தால் அது ஏறும். "எலுமிச்சம்பழம் எப்ப வைப்பேள்?"

"அச்சைத் தொடறதுக்குக் கெளம்பும்போது, டிரெய்லரோட ரெண்டு அச்சுக்கும், ரெண்டு பக்கமும் வெப்போம்."

"அப்போ வண்டியை எடுத்தவன் திருடப் போகலை. அச்சு மாத்தப் போயிருக்கான். உங்க ஆள், மாரியப்பன்!"

மாரியப்பன் முகம் மலர்ந்து, அப்படியே வாடியது. "இல்லீங்க சார். நம்ம ஆளா இருந்தா அடையாளம் வெச்சுட்டுப் போயிருப்பான். வண்டி நின்ன எடத்துல ஒரு பச்சக் கெளை, அதும் மேல ஒரு ஸ்பேனர். ஒர்க்‌ஷாப்பு போயிருக்குதுன்னு அர்த்தம். எங்க லைன்ல எந்த டிரைவரும் அதைத் தப்ப மாட்டான். நான் வந்து பார்த்தப்ப தரை தொடைச்ச மாதிரி இருந்துதுங்க."

கோஷ் பாபு கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால்.

"காமு" என்றார் சுந்தரேசன் மெதுவாக. "நிமாய் கரியை எதால உடைச்சிண்டிருந்தான்?"

"டணார்னு ஒரு இரும்பால!" என்று காமு ஜீப்பைப் பார்க்க ஓடினாள்.

ஜீப் டீக்கடைக்குப் பறந்தது. பின்னால் மாரியப்பன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள், காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மாணிக்கம்.

"இதுவா?" என்று நிமாய் ஒன்றரை அடி ஸ்பேனரை நீட்டினான். "சஷ்டியன்று காலையில் இங்கே தெருவில் கிடந்தது, தாதா. யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கரி உடைக்க அருமையாக இருக்கிறது."

"அதற்கு அடியில் ஒரு பச்சைக் கிளை இருந்ததா?"

"இருந்தது. முருங்கைக் கிளை."

"எங்கே அது?"

நிமாய் ஆட்டைப் பார்த்தான். எல்லோரும் ஆட்டைப் பார்த்தார்கள். ஆடு மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கோஷ் பாபுவைப் பார்த்தது.

"கைது பண்ணுங்கோ" என்றாள் காமு. "தந்தியைத் தின்னுடுத்து."

ஸ்பேனரைத் திருப்பிப் பார்த்த மாரியப்பன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. பிடியில் வேல் ஒன்று பொறித்திருந்தது. "வீரபாண்டியனுதுங்க! என் சம்சாரத்தோட தம்பி. லோடு கெடைக்காம நாலு நாளா துறைமுக டாக்குல உக்காந்திருந்தான். படுபாவி, எனக்கு ஒத்தாசை பண்றேன்னு..."

"சாவி?" என்றார் கோஷ் பாபு சந்தேகமாக.

"எங்க வண்டிக்குச் சாவி எதுக்குங்க சார்? ஒரு ஆணி போதும்."

கஸ்பா போய்ச் சேரும்போது ஐந்தரை. வழியெல்லாம் பந்தல், மேளம், புதுச் சட்டை. ஒர்க்‌ஷாப் கதவில் முழங்கை நீளத்துக்குப் பூட்டு. 'பூஜை முடிந்து திறக்கப்படும்' என்று சாக்பீஸ் எழுத்து. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு ஜாக்கியும் ஒரு பூனையும். டிரெய்லர் இல்லை. பக்கத்து மைதானத்தில் பேட்டைப் பையன்கள் போட்ட துர்கா பந்தல், ஜனம் நெரிந்தது. வேறு ஒன்றுமில்லை.

மாணிக்கம் ஜீப்பின் மூக்கின் மேல் காகிதத்தை விரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். "மன்னிச்சுக்க மாரியப்பா" என்றார்.

மாரியப்பன் கையிலிருந்த ஸ்பேனரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்போது கரண்ட் போயிற்று.

அந்த வருஷங்களில் கல்கத்தாவில் கரண்ட் போவதை யாரும் செய்தியாக நினைப்பதில்லை. தெரு இருண்டது. பந்தல் இருண்டது. ஆயிரம் பேர் ஒரே குரலில் 'ஜாஹ்!' என்றார்கள். மேளம்கூட ஒரு அடி தடுமாறியது.

அடுத்த நொடியில் எங்கோ ஒரு எஞ்சின் செருமியது. இரண்டு வெளிச்சக் கற்றைகள் பளீரென்று பாய்ந்து, பந்தலுக்குள் துர்கையின் முகத்தில் விழுந்தன. பத்துக் கையும் தகதகத்தன. கூட்டம் கூரை பிய்ந்து போகக் கத்தியது: "பீரூதா! பீரூதா!"

சுந்தரேசன் மாணிக்கத்தின் பேனாவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "வங்காளி வாயில வீரபாண்டி அண்ணாதான் பீரூதா. ஓடுங்கோ!"

பந்தலின் பக்கவாட்டுத் துணியை விலக்கினால், லாரித் தலை. பம்பரில் சாமந்தி மாலை. டிரைவர் சீட்டில் சிவப்புக்கரைத் துண்டும் நெற்றி நிறையக் குங்குமமுமாக வீரபாண்டியன், ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கையில் கிச்சடித் தொன்னை.

"வாங்க மாமா!" என்றான் சந்தோஷமாக. "ரெண்டு நாளா உங்களத்தான் பார்த்துட்டிருக்கேன். கெளையப் பார்க்கலியா?"

"ஆடு பார்த்துது" என்றாள் காமு. "டிரெய்லர் எங்கேப்பா?"

வீரபாண்டியன் தொன்னையால் காட்டினான். எல்லோரும் திரும்பினார்கள். துர்கை, சிங்கம், அசுரன், நாலு பிள்ளைகள், பின்னால் சாக்குத் துணியில் செய்த கைலாச மலை. அத்தனையும் ஒரு மேடை மேல் நின்றன. மேடையைச் சுற்றிச் சிவப்புத் துணி. துணியின் ஓரத்தில் டயர் ஒன்று, நாய் மூக்கைப் போல, கறுப்பாக எட்டிப் பார்த்தது.

"சஷ்டி மத்தியானமே அச்சு மாத்தியாச்சுங்க. இவனுக மேடைப் பலகைக்காரன் ஏமாத்திட்டானாம். ஒரு மணி நேரம் கடன் குடு தாதான்னு பையனுக அழுதானுக. சரின்னு லாரித் தலையக் கழட்டிட்டு டிரெய்லரக் குடுத்தேன். திரும்பிப் பார்க்கறதுக்குள்ள அம்மன் ஏறி உக்காந்துட்டாங்க. எறங்குங்கன்னு யாருங்க சொல்றது? அப்பறம் ராத்திரி கரண்ட் போச்சு, லைட்டப் போட்டேன். அதுல இருந்து என்னைய மைதானத்த விட்டு நகர விடறதில்ல."

கோஷ் பாபு தொண்டையைச் செருமினார். அவர் நல்ல மனுஷன். ஆனால் காகித மனுஷன். "லாரித் தலையின் நம்பர் சரி. டிரெய்லரின் நம்பர் பிளேட் எங்கே?"

"கைலாசத்துக்கு அடியில."

கைலாசத்தை அஷ்டமியன்று பிரிக்கச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. பையன்கள் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே கை கட்டி வரிசையாக நின்றார்கள். "அப்படியானால் அச்சை அளக்க வேண்டும். டிரெய்லரின் ஆர்.சி. புத்தகத்தில் அஞ்சடி என்று இருக்கிறது."

காமு துணிக்குள் நுழைந்தாள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக் கோஷ் பாபுவும் குனிய, அது போதாமல் மண்டியிட, அதுவும் போதாமல் குப்புறப் படுக்க வேண்டி வந்தது. சீருடையோடு இன்ஸ்பெக்டர் அம்மன் முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்ததைக் கண்ட கூட்டம் உருகிப்போயிற்று. பின்னால் நாற்பது பேர் தொப்தொப்பென்று விழுந்தார்கள். யாரோ ஒரு பாட்டியம்மாள் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஐம்பத்தோரு இஞ்ச்!" என்று காமுவின் குரல் அடியிலிருந்து வந்தது. "நாலே காலடி."

"அப்படியானால் இது அந்த டிரெய்லர் இல்லை" என்றார் கோஷ் பாபு, தரையில் கன்னத்தை வைத்தபடியே.

மாணிக்கத்தின் முகம் விழுந்தது. மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். சரியாக இருப்பதே தப்பாகப் போயிற்று. வண்டி வங்காளத்துச் சட்டப்படி கச்சிதம்; அதனாலேயே அது அவனுடையதில்லை.

"காமு" என்று சுந்தரேசன் குனிந்து கூப்பிட்டார். "அச்சுக்கு மேல, சட்டத்து இரும்புல, ஏதாவது இருக்கா பாரு. நம்ம ஊர்ல புது வண்டியை வெறும் நெத்தியோட வெளியில விட மாட்டா."

காமு இன்னும் உள்ளே தவழ்ந்தாள். பிறகு அடியிலிருந்து சிரிப்பு கிளம்பியது. காமு சிரித்தால் சட்டென்று நிற்காது. மேடையே குலுங்குவது போலிருந்தது.

"பட்டை போட்டிருக்கு! வெள்ளைப் பெயிண்டுல விபூதி, நடுவுல சிவப்புப் பொட்டு. முன்னச்சுக்கு நேர் மேல ஒண்ணு. பின்னச்சுக்கு இன்னொண்ணு. ஆனா பின்னச்சு, பொட்டை விட்டுட்டு ஒரு சாண் முன்னால போயிடுத்து!"

"பட்டைக்குப் பட்டை அள."

டேப் சரசரத்தது. "அறுபது. அஞ்சடி!"

"அச்சைத் தள்ளினா. சாமியைத் தள்ளலை" என்றார் சுந்தரேசன், இன்ஸ்பெக்டருக்குப் புரிகிற மாதிரி வங்காள மொழியில் இன்னொரு தரமும் சொன்னார்.

கோஷ் பாபு எழுந்து, மார்பிலிருந்த மண்ணைத் தட்டி, மாரியப்பனின் தோளையும் தட்டிக் கொடுத்தார். கான்ஸ்டபிள் கையை எடுத்தான். மாணிக்கம் காகிதத்தை நாலாகக் கிழித்தார். என்ன நினைத்தாரோ, எட்டாகவும் கிழித்தார். மாரியப்பன் முதலில் செய்த காரியம் மச்சானின் தலையில் ஸ்பேனர் பிடியால் லேசாக ஒரு தட்டு. இரண்டாவது, அவன் தொன்னையைப் பிடுங்கிக் கிச்சடியைத் தின்றது. இரண்டு நாள் பசி.

"சரி, வண்டிய எடுங்கடா" என்றார் மாணிக்கம்.

பையன்கள் துர்கையைக் காட்டினார்கள். துர்கை பத்துக் கையிலும் ஆயுதத்தோடு மாணிக்கத்தைப் பார்த்தாள். மாணிக்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார்.

தசமியன்று அதே டிரெய்லரில்தான் அம்மன் கங்கைக்குப் போனாள். மாரியப்பன் ஓட்டினான். வழியில் ஒரு ஆபீசர் டேப்போடு நிறுத்தி அளந்து, "கச்சிதம்" என்று சொல்லி, அம்மனைக் கும்பிட்டு அனுப்பினார். டிரெய்லரின் விளிம்பில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு காமுவும் சுந்தரேசனும். காற்றில் அவர் ஜிப்பா பறந்தது. பையிலிருந்த குவளை அவள் முழங்கையில் இடித்துக்கொண்டே வந்தது.

"புடவை?" என்றாள் காமு.

"நாளைக்கு. சத்தியமா."

"எந்த மாநிலத்து நாளைக்கு?"

அவர் சிரித்த சிரிப்பில் மேளக்காரன் திரும்பிப் பார்த்தான்.

புடவை வாங்கிக் கொடுத்தார். கட்டிக் கட்டி, வருஷங்களில் அது கிழிந்து போயிற்று. பாலிகஞ்ச் வீடு கை மாறியது. யோசனை வந்து மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்ற இப்போது சுந்தரேசன் இல்லை. நிமாய் கடை மண்குவளை மட்டும் காமுவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், சாக்பீஸும் ஊசியுமாக நிற்கிறது. அது இன்னும் உடையவில்லை.